சம்பந்தி பாசியைப் பார்த்துக்கொண்ட விவரம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சம்பந்தி கோவிந்தசாமி அவர்களுக்கு,

சிங்கப்பூர் ஈசூன் வீட்டிலிருந்து மருதப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வசந்தகுமாரியும் என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சௌக்கியம். அங்கே பெர்த்தில் தாங்களும், மகள் ரக்ஷனாவும், மருமகனும், புதிதாகப் பிறந்த பேத்தியும் குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வசந்தகுமாரி சொல்கிறாள், பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுகிறேன். இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டி யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் வசந்தகுமாரியின் அக்காளைப் பற்றி மகள் சங்கீதாவுக்கு மட்டும் என்று நான் எழுதிய நாலு வரி குடும்பக் குழுவில் போய் விழுந்ததும், அந்த அக்காளே அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் தாங்கள் அறிந்ததே. அன்றிலிருந்து முக்கியமான விஷயங்களுக்கு எனக்கு அந்தக் கருவியில் நம்பிக்கை இல்லை. போனில் பேசலாம் என்றால், தங்கள் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று விசாரிக்க ஆரம்பித்து, மழையிலேயே முடித்துவிடுவேன். ஆகவே கடிதம்.

விஷயம் தங்கள் மீன்தொட்டியைப் பற்றியது. பெர்த்துக்குக் கிளம்புவதற்கு முன் கிளமெண்டி வீட்டிலிருந்து அதை மாப்பிள்ளை ஸ்ரீராம் காரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வரவேற்பறையில் வைத்தபோது, தாங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “மீனுக்கு ஒண்ணும் பெரிசா செய்ய வேணாம், சம்பந்தி. அந்தப் பாசியை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று சொன்னீர்கள். நான் சரி என்றேன். வசந்தகுமாரியும் சரி என்றாள். நாங்கள் இருவரும் ஒரே சொல்லைக் கேட்டோம். ஆனால் அவள் முப்பது வருஷம் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவள் காதில் பாசி என்று விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாசியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவளுக்கு அதற்கும் ஒரே அர்த்தம்தான். “பாவம், தனி ஆளு. தொட்டியெல்லாம் பாசி பிடிச்சுக் கிடக்கு, நம்மகிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு நாசூக்கா சொல்லிட்டுப் போறாரு” என்று தாங்கள் லிஃப்டில் இறங்குவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டாள். நானும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் பாசி பிடித்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தவன்தான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் நான் டாக்டரிடம் முழங்காலைக் காட்டிவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. முதலில் தொட்டிக்குள்ளேயே பழைய பல்துலக்கியால் சுரண்டிப் பார்த்தாளாம். சரிவரவில்லை என்று, உள்ளே பாசி படர்ந்திருந்த மரக்கட்டையை வெளியே எடுத்து, இரும்பு நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, வந்ததை எல்லாம் வழித்துப் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டாள். தொட்டி நீரையும் மாற்றிவிட்டாள். தாங்கள் விட்டுப்போன, குளோரினை நீக்கும் மருந்தை மட்டும் மறக்காமல் ஊற்றியதால் கப்பி மீன்கள் பிழைத்தன. நான் பார்த்தபோது கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்தது. நடுவில் மொட்டைக் கட்டை. மீன்கள் மறைந்துகொள்ள இடமில்லாமல் ஒரு மூலையில் குவிந்து நின்றன. அவை சந்தோஷத்தில் கூட்டம் போடுகின்றன என்று நினைத்தோம். நானே படம் எடுத்து, ‘சம்பந்தி சொன்னபடி பாசியைப் பார்த்துக்கொண்டோம்’ என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். சற்று நேரத்தில் தங்களிடமிருந்து ஒரே சொல் வந்தது: ‘பார்த்தேன்.’

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நல்ல காரியத்துக்கு இவ்வளவு சுருக்கமான பாராட்டா என்று வசந்தகுமாரிக்கு வருத்தம். “கையில பேத்தியை வச்சிருப்பாரு, டைப் அடிக்க முடிஞ்சிருக்காது” என்று சமாதானம் சொன்னேன். சாயங்காலம் சங்கீதா வேலையிலிருந்து நேராக இங்கே வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டி முன்னால் நின்றாள்.

“அம்மா, மோஸ் எங்க?”

“எது?”

“கட்டையில இருந்த பச்சை.”

“அந்தப் பாசியா? எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன்” என்றாள் வசந்தகுமாரி, பெருமையாகத்தான்.

சங்கீதா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, அது பாசி இல்லை. அதாவது, பாசிதான். ஆனா அது வளக்கிற பாசி. அத்தை உயிரோட இருந்தப்ப அவங்க கையால கட்டி வளத்தது. மாமா தினமும் காலையில காபியை வச்சுக்கிட்டு அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு.”

வசந்தகுமாரி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள் என்பது எனக்குத் தெரியும். எதையும் கழுவாமல் அவள் குழாயைத் திறப்பவள் இல்லை. எனக்கோ அந்த ‘பார்த்தேன்’ என்ற சொல் வேறு குரலில் கேட்க ஆரம்பித்துவிட்டது. சாப்பிடும்போது கேட்டது. முடி வெட்டிக்கொள்ளும்போது கேட்டது. மாப்பிள்ளை தங்கமானவர். “மாமா, அப்பா ஒண்ணும் நினைக்க மாட்டாரு, நான் பேசறேன்” என்றார். நான்தான் தடுத்துவிட்டேன். இது இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் உள்ளது, நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல், தங்களுக்குத் தெரியாமல் வேறு பாசி வாங்கி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட மனிதருக்குத் தெரியாமல் எப்படி வைப்பது என்ற யோசனை எங்கள் இருவருக்குமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனோம். கறிகாய் வாங்கிய கையோடு, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது என்று சங்கீதா சொல்லியிருந்த வளர்ப்பு மீன் கடைக்குப் போனோம். கடையில் இருந்தவர் உமைர் என்ற பெயர் கொண்ட நம்மூர் ஆள். நல்ல பேச்சு. “எந்த மோஸ் வேணும், அங்கிள்? ஜாவா இருக்கு, கிறிஸ்மஸ் இருக்கு, வீப்பிங் மோஸ் இருக்கு” என்றார். பாசியில் அழுகிற பாசி வேறு இருக்கிறதா என்று வசந்தகுமாரி கேட்டாள். அவர் காட்டினார். கண்ணீர் மாதிரி கீழ்நோக்கித் தொங்கியது. எங்கள் நிலைமைக்கு அதுதான் பொருத்தமாகத் தெரிந்தது. வாங்கிக்கொண்டோம். “சூடு மட்டும் ஆகவே ஆகாது, அங்கிள். கூலா வச்சிருங்க” என்று அவர் சொல்லி அனுப்பியதை வசந்தகுமாரி வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையைக் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறித் தட்டில், வெந்தயக்கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

இனி நடந்ததை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்குப் பசித்தது. காலையில் வைத்த ரசம் இருந்தது. ரசத்தைச் சுடவைத்தேன். மூக்குக்கண்ணாடி படுக்கையறையில் இருந்தது, முழங்கால் காரணமாக எடுக்கப் போகவில்லை. காய்கறித் தட்டில் கைவிட்டு, பையில் ஈரமாக இருந்த கொத்தமல்லியைக் கிள்ளி ரசத்தில் போட்டேன். வாசனையே வரவில்லை. தேக்காவில் இப்பொழுதெல்லாம் நல்ல கொத்தமல்லியே வருவதில்லை என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் போட்டேன். சாப்பிட்டு முடித்து, ஏப்பம் விட்டு, படுத்துத் தூங்கியும்விட்டேன். கோயிலிலிருந்து வந்தவள் என்னை எழுப்பி, “பையில இருந்தது எங்க?” என்று கேட்டாள். சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல் சிரித்தாள். தொட்டியைக் கழுவிய நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதற்காகவே இன்னொரு பை தின்றிருப்பேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் தொட்டியின் ஃபில்டர் முனக ஆரம்பித்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. தொட்டியைக் கழுவிய அன்று அதன் மூடியைத் திறக்கத் தெரியாமல் வசந்தகுமாரி அதை மட்டும் விட்டுவிட்டிருந்தாள். நான் நாற்பது டன் பெட்டியைக் கப்பலில் இறக்கியவன், இந்த மூடி எனக்கு எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் போராட்டம்தான், திறந்துவிட்டது. உள்ளே இருந்த பஞ்சை எடுத்துப் பிழியப் போனவன் நிறுத்திக்கொண்டேன். பஞ்சு முழுக்கப் பச்சைப் பிசிறு. நூல் நூலாக, சின்னச் சின்ன இலையோடு. பல்துலக்கியால் சுரண்டியபோது பிய்ந்ததெல்லாம் அங்கே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

“வசந்தா” என்று கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்தாள். பஞ்சைப் பார்த்தாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இது அவங்களோடதுதானே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அவங்களோடதுதான்.”

“செத்துப்போயிருக்குமா?”

“பச்சையா இருக்கே.”

சங்கீதாவுக்குப் போன் போட்டோம். அவள் கணினியில் தேடிப் பார்த்து, இந்த ஜாவா பாசிக்கு வேரே கிடையாதாம், ஒரு துணுக்கு இருந்தாலும் அதிலிருந்து வளர்ந்துவிடுமாம் என்று சொன்னாள். அன்று சாப்பாடு கடையில்தான். புருவம் திருத்தும் சின்ன இடுக்கியை வைத்துக்கொண்டு வசந்தகுமாரி ஒவ்வொரு பிசிறாகப் பஞ்சிலிருந்து எடுத்து வெள்ளைத் தட்டில் சேர்த்தாள். நான் விளக்கைப் பிடித்தேன். சேர்ந்தது மொத்தமும் ஒரு பிடி காணாது. அதைக் கட்டையில் நிற்க வைக்க வேண்டுமே. பசையால் ஒட்டலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்து, வாங்கி வந்து, நானே முயற்சி செய்தேன். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கட்டையும் ஒன்றாகிவிட்டன. கட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வசந்தகுமாரி, “நீங்க எழுந்து அந்தப் பக்கம் போங்க” என்றாள். எழுந்தால் கட்டையும் கூட வரும் என்று ஞாபகப்படுத்தினேன். வெந்நீரும் சோப்பும் நல்லெண்ணெயும் போட்டுப் பிரித்துவிட்டாள். பிறகு கறுப்புத் தையல் நூலை எடுத்து, பிசிறை மெல்லிசாகப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி அவளே கட்டினாள். ஒரு இடத்தில்கூடக் கனமாக வைக்கவில்லை. அடியில் இருப்பதற்கு வெளிச்சம் படாமல் போய்விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவளுக்கே தோன்றியிருக்கிறது.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். செடி என்றால் வெயில் வேண்டுமே என்று தொட்டியை நான் ஜன்னலோரம் நகர்த்தினேன். அதில்தான் வந்தது வினை. சில நாளில் தண்ணீர் கஞ்சி மாதிரி பச்சையாகிவிட்டது. கண்ணாடியிலும் கட்டையிலும் முடி முடியாக வேறு ஒரு பாசி. இது நிஜமாகவே பாசி, கெட்ட பாசி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயராக வைத்திருப்பது எவ்வளவு பெரிய சங்கடம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் பாசியைப் பிடுங்கு என்றால் மற்றவர் எதைப் பிடுங்குவது? ஆகவே வீட்டுக்குள் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். தப்பாக நினைக்கவேண்டாம். நல்லதற்குச் ‘சம்பந்தி’ என்று பெயர். கெட்டதற்குச் ‘சனியன்’. ஒருநாள் வசந்தகுமாரி நடைபாதையில் நின்று சங்கீதாவிடம் போனில், “சம்பந்தி இன்னைக்குப் பரவாயில்லை, கொஞ்சம் தெளிஞ்சிருக்காரு. சனியனைத்தான் காலையிலிருந்து பிச்சுப் பிச்சுப் போடறேன், மறுபடி வந்து அவர் தலையில உக்காந்துக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜைனப் அதைக் கேட்டுவிட்டு, தங்களுக்கு உடம்பு சரியில்லை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, கோழி சூப் வைத்து எடுத்து வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்ன பிறகும் சூப்பைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. நல்ல சூப்.

தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தி, விளக்கை எரியவிடும் நேரத்தைக் குறைத்தோம். சூடு ஆகாது என்று உமைர் சொன்னது ஞாபகம் வந்து, என் மேசை விசிறியைத் தொட்டிக்கு மேலே திருப்பி வைத்தாள் வசந்தகுமாரி. நான் செய்தித்தாளால் விசிறிக்கொண்டேன். சனியனைத் தின்பதற்கு என்று உமைர் கடையில் குட்டி இறால்கள் வாங்கி வந்தோம். “இவ்வளவு சின்ன உடாங்கை வச்சு என்ன சம்பால் செய்யப் போறீங்க, கொஞ்சம் வளரட்டும்லா” என்றார் ஜைனப். அவை வளரவில்லை, ஆனால் வேலை செய்தன. சின்னக் கைகளால் ஓயாமல் பொறுக்கிப் பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். வேலைக்காரர்கள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று வசந்தகுமாரி அவற்றிடமே சொன்னாள்.

பிறகு ஒரு காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவள் கூப்பிட்டாள். நூலுக்கு மேலே, கரும்பச்சைப் பிசிறின் நுனியில் இளம்பச்சையாக ஒரு துளிர். அதைத் துளிர் என்று சொல்லலாமா தெரியவில்லை, நகக்கண் அளவுகூட இல்லை. நுரை வாயோடு நான் நின்றேன், கரண்டியோடு அவள் நின்றாள். “வந்துட்டாங்க” என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கட்டையின் முக்கால் பாகம் மூடிவிட்டது. நூல் எங்கே போனதென்றே தெரியவில்லை. மீன்கள் மூலையை விட்டு வந்து அதற்குள் நுழைந்து விளையாடுகின்றன. அதில் ஒன்று குட்டி போட்டிருக்கிறது, குட்டிகள் பாசிக்குள்ளேயே ஒளிந்துகொண்டு திரிகின்றன. உண்மையைச் சொன்னால், சம்பந்தி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் வசந்தகுமாரியும் ஒரே திசையில் உட்கார்ந்து பார்த்த முதல் பொருள் தங்கள் தொட்டிதான். டிவியில் அவளுக்கு ஒரு நாடகம், எனக்கு ஒரு பந்தாட்டம் என்று தினம் தகராறு. இதில் தகராறுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கோப்பை தேநீரை வைத்துக்கொண்டு உட்காருகிறோம். பாசி ஒன்றும் செய்வதில்லை. நாங்களும் ஒன்றும் செய்வதில்லை. மனசு நிறைந்துவிடுகிறது.

ஆகவே தாங்கள் அந்தப் படத்தைப் பார்த்து மனம் நொந்து, எங்கள்மேல் வைத்திருக்கும் வருத்தத்தைத் தயவுசெய்து விட்டுவிடவேண்டும். இப்போது கட்டையில் இருப்பது கடைப் பாசி இல்லை. அது தங்கள் வீட்டம்மா கட்டிய அதே பாசி, ஒரு துணுக்குகூட வேறு கிடையாது. கடைப் பாசி போன இடத்தை மேலே எழுதியிருக்கிறேன். பேத்திக்கு எங்கள் முத்தங்கள். ரக்ஷனா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், பத்தியச் சாப்பாட்டில் பூண்டைக் குறைக்கவேண்டாம் என்று வசந்தகுமாரி சொல்லச் சொன்னாள். எல்லாச் செல்வமும் பெற்று அந்தக் குழந்தை நீடூழி வாழ இங்கிருந்தே வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு
தங்கள் அன்புச் சம்பந்தி
மருதப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு தாங்களே போன் செய்துவிட்டீர்கள். பேசியது தங்களுக்கு நினைவிருக்கும், ஆனாலும் முறைப்படி எழுதி வைக்கிறேன். நான் தயங்கித் தயங்கி அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டதற்கு, “எந்தப் படம்? நான் அந்தக் குரூப்ல படமே திறக்கிறதில்லையே” என்றீர்கள். அப்படியானால் ‘பார்த்தேன்’ என்று எழுதியது? ஸ்ரீராம் அதற்கு முன்னால் ‘அப்பா, டாக்டரைப் பாத்தீங்களா’ என்று கேட்டிருந்தாராம், அதற்குப் பதிலாம். நான் ஸ்ரீராமின் கேள்வியைக் கவனிக்கவே இல்லை. சரி, பாசி போனதாவது தெரியுமா என்று ஆரம்பித்து நான் முழுவதையும் சொல்லி முடித்ததும் தாங்கள் சிரித்தீர்கள். “அடப் போங்க சம்பந்தி. அவ இருந்தவரைக்கும் அதை அப்பப்ப பிச்சுப் பிச்சுக் குப்பையிலதான் போடுவா. இல்லேன்னா தொட்டியே அடைஞ்சிடும்லா. எத்தனை பிச்சாலும் வந்துக்கிட்டே இருக்கும்னு திட்டுவா” என்றீர்கள். ஆக, நாங்கள் இத்தனை நாள் பட்ட பாட்டுக்குக் காரணமே இல்லை என்று ஆகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கும் வேலை இல்லை. கிழித்துப் போடலாம் என்று உறையைக் கையில் எடுத்தேன். வசந்தகுமாரி பிடுங்கிக்கொண்டாள். “நீங்க போன்ல எல்லாத்தையும் சொன்னீங்க. ரசத்தைச் சொன்னீங்க, சூப்பைச் சொன்னீங்க. மறுபடி நூல் சுத்திக் கட்டினது யாருன்னு சொன்னீங்களா? உள்ள எழுதியிருக்கு இல்ல, அது போகட்டும்” என்றாள். தபால்பெட்டிக்கு அவளே போகிறாளாம். இதை எழுதி முடிப்பதற்காக உறையை மறுபடி பிரிக்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறாள், செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.